பல் துலக்குவதும் பேருந்து ஓட்டுவதும்: மூன்று முதல் ஆறு வயது வரையிலான குழந்தைகளுக்குத் தமிழில் எத்தகைய படப் புத்தகங்கள் வேண்டும்?

கொழிஞ்சாம்பாறை வாசகி:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் ஊர் நூலகத்தின் பாலவேதிக்குத் தமிழ்ப் படப் புத்தகங்கள் வாங்கச் சிறு தொகை ஒதுக்கியிருக்கிறார்கள். கேரளத்து நூலகங்களில் சிறுவர்களுக்கென இயங்கும் இந்தப் பிரிவில் மலையாளப் புத்தகங்களே மிகுதி என்பது இங்குள்ளவர்களுக்குத் தெரியும். தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய எங்கள் சித்தூர் வட்டத்தின் (பாலக்காடு மாவட்டம்) கிழக்குப் பகுதியில் வீட்டில் தமிழ் பேசி, தமிழ்வழிப் பள்ளிக்குப் போகும் குழந்தைகள் நிறையப் பேர் இருப்பதால் இம்முறை தமிழுக்கும் இடம் கிடைத்திருக்கிறது. பள்ளிக்குப் போகும் முன்பும் முதல் வகுப்பிலும் உள்ள குழந்தைகளுக்கான நூல்களைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு எனக்கு.

தேடிப் பார்த்ததில் புத்தகங்கள் இரண்டு குவியலாகப் பிரிந்து கிடக்கின்றன. ஒன்று, நல்ல பழக்கம் சொல்லிக்கொடுப்பவை: காலையில் எழு, பல் துலக்கு, சிந்தாமல் சாப்பிடு, நேரத்தோடு தூங்கு. மற்றொன்று, பறக்கும் யானையும் பேசும் நிலாவும் வரும் கற்பனைக் கதைகள். முதல் குவியலில் கற்பனைக்கு இடமே இல்லை. இரண்டாவதில் சோறும் குளியலும் பாயும் எங்கும் தென்படுவதில்லை. குழந்தையின் நாளோ இப்படிப் பிரிந்து கிடப்பதில்லை. குளித்து முடித்த கையோடு பொம்மையைக் குளிப்பாட்டுகிறது, சாப்பிட மறுத்த அதே குழந்தை சிறிது நேரத்தில் தலையணைக்குச் சோறு ஊட்டுகிறது.

ருஷ்ய உளவியலாளர் லெவ் வைகாட்ஸ்கி 1933-இல் லெனின்கிராடில் குழந்தை விளையாட்டைப் பற்றி ஆற்றிய உரையில் ஓர் எடுத்துக்காட்டு வருகிறது. ஏழும் ஐந்தும் வயதான அக்காளும் தங்கையும் 'அக்கா தங்கை' விளையாட்டு ஆடுகிறார்கள். வாழ்க்கையில் அவர்கள் எப்படியும் அக்கா தங்கைதான். ஆனால் அன்றாடத்தில் அவர்கள் யோசிக்காத ஒன்றை, அக்கா என்றால் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதை, விளையாட்டில் யோசித்துச் செய்கிறார்கள். அன்றாடத்தில் மறைந்திருக்கும் ஒழுங்கு விளையாட்டில்தான் குழந்தையின் கண்ணுக்குத் தெரிய வருகிறது என்று இதை நான் புரிந்துகொள்கிறேன். அப்படியானால் அன்றாடப் பழக்கத்தைச் சொல்லும் நூலுக்கும் கற்பனை விளையாட்டைச் சொல்லும் நூலுக்கும் இடையே சுவர் எழுப்புவது பொருந்தாது. இரண்டும் ஒன்றுக்குள் ஒன்று அமைந்த நூல்கள் எவை, அவற்றை எந்த அளவுகோல் கொண்டு அடையாளம் காண்பது என்று நண்பர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

வேலந்தாவளத்தார்:

அம்மா, நீங்கள் எடுத்துக்கொண்ட பொறுப்பு மதிப்புக்குரியது. நான் தமிழாசிரியனாக இருந்து ஓய்வு பெற்றவன். ஒரு மறுப்பை முதலில் வைக்கிறேன்.

இந்த வயதுக் குழந்தைக்குக் கற்பனையை நாம் ஊட்ட வேண்டியதில்லை என்றே நினைக்கிறேன். இத்தாலியக் கல்வியாளர் மரியா மாண்டிசோரி 1907-இல் ரோம் நகரின் சான் லொரென்சோ பகுதியில் தொடங்கிய முதல் குழந்தைகள் இல்லத்தில், விலை உயர்ந்த பொம்மைகள் இருந்தும் குழந்தைகள் அவற்றை நாடாமல் உண்மையான வேலைகளையே தேடிப் போனார்கள் என்று அவரே எழுதியிருக்கிறார். துடைப்பது, ஊற்றுவது, பொத்தான் போடுவது போன்றவையே அங்கே பாடம். இந்த அம்மையார் 1939-இல் சென்னை அடையாற்றுக்கு வந்து, போர்க் காலத்தில் கொடைக்கானலிலும் தங்கிப் பணியாற்றியவர். ஆகவே அவருடைய கருத்து நம் பக்கத்து மண்ணிலும் வேர் பிடித்த ஒன்றுதான். குழந்தைக்கு உலகமே புதிது. அதில் பேசும் முயலைக் கலந்து குழப்புவானேன்? குழந்தை சட்டை மாட்டுவதை உள்ளபடி அழகாக வரைந்து காட்டுங்கள். அதுவே போதும்.

பழக்கம் கற்பிக்கும் நூல்களைக் குறைத்துச் சொல்லிவிட வேண்டாம் என்பதும் என் வேண்டுகோள். ஆத்திசூடி சனிக்கிழமை நீராடச் சொல்கிறது. தலைமுறை தலைமுறையாக நம் பிள்ளைகள் அதைச் சொல்லித்தான் எழுத்தும் கற்றார்கள், ஒழுங்கும் கற்றார்கள்.

கொழிஞ்சாம்பாறை வாசகி:

ஐயா, மாண்டிசோரி அம்மையார் கண்டதை நான் மறுக்கவில்லை. குழந்தை உண்மையான வேலையை விரும்புகிறது என்பது எங்கள் வீட்டுத் துடைப்பத்தைக் கேட்டாலே தெரியும். ஆனால் அந்த விருப்பத்தின் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும். பெரியவர்களின் இடத்தில் நின்று பார்க்கும் ஆசை இருக்கிறது. துடைப்பம் கையில் கிடைத்தால் பெருக்குகிறது. கிடைக்காவிட்டால் ஒரு குச்சியை வைத்துக்கொண்டு பெருக்குவதாக நினைத்துக்கொள்கிறது. இரண்டாவதுதான் கற்பனை விளையாட்டு. அது உண்மையான வேலையின் மறுபக்கமே.

பழக்கம் கற்பிக்கும் நூல்களில் எனக்குள்ள குறை இங்கேதான் தொடங்குகிறது. அவற்றில் குழந்தை எப்போதும் செய்யப்படும் பொருளாகவே இருக்கிறது. குளிப்பாட்டப்படுகிறது, ஊட்டப்படுகிறது, தூங்க வைக்கப்படுகிறது, கடைசிப் பக்கத்தில் 'நல்ல பிள்ளை' என்று பாராட்டவும்படுகிறது. விளையாட்டில் இது தலைகீழாகிறது. ஊட்டப்பட்டவள் ஊட்டுகிறாள், ஊசி போடப்பட்டவன் மருத்துவராகி ஊசி போடுகிறான். ஆகவே நான் ஒரு நூலைக் கையில் எடுத்தால் முதலில் பார்ப்பது, அதில் குழந்தை ஏதேனும் ஒரு முடிவை எடுக்கிறதா, எந்த வேலையையாவது தானே தொடங்கி நடத்துகிறதா என்பதைத்தான். அது இல்லையென்றால் வண்ணப் படங்கள் எத்தனை இருந்தாலும் அது பழக்கப் பட்டியல்தான்.

ஆத்திசூடியைப் போலவே நமக்கு இன்னொரு மரபும் உண்டு. பெரியாழ்வார் கண்ணனை நீராட அழைக்கிறார், பூச்சூட அழைக்கிறார், காது குத்த அழைக்கிறார். குழந்தையின் முழு நாளும் அவர் பாட்டில் இருக்கிறது. தலைவாரும்போது காக்கையைக் கூப்பிட்டு வந்து வாரச் சொல்கிறார். முடி வாரும்போது அழும் குழந்தையைக் காக்கை காட்டிச் சமாதானம் செய்யும் தாய் இன்றும் நம் தெருக்களில் இருக்கிறார். அதற்கும் முன்னே கண்ணன் அப்பூச்சி (பூச்சாண்டி) காட்டிப் பயமுறுத்தும் விளையாட்டையும் பாடியிருக்கிறார். அன்றாடத்தையும் விளையாட்டையும் பிரிக்காமல் பாடிய இந்த வழி நம்முடையதே. ஆத்திசூடி கட்டளையிடுகிறது, ஆழ்வார் அழைக்கிறார். மூன்று வயதுக்கு இரண்டாவது பொருந்தும் என்பது என் துணிபு.

சித்தூர் அங்கன்வாடி ஆசிரியை:

இருவர் கருத்தையும் படித்தேன். களத்தில் நான் காண்பதைச் சொல்கிறேன்.

என்னிடம் வரும் குழந்தைகள் விளையாடும்போது மொழியைக் கூட வேடத்தோடு மாற்றிக்கொள்கிறார்கள். கடை விளையாட்டு என்றால் தமிழ்; மருத்துவமனை விளையாட்டு என்றால் டாக்டர் மலையாளத்தில் பேசுவார், நோயாளியின் அம்மா தமிழில் பதில் சொல்வார். பேருந்து விளையாட்டில் பொள்ளாச்சிப் பேருந்தின் கண்டக்டர் ஒரு விதமாகவும் பாலக்காட்டுப் பேருந்தின் கண்டக்டர் வேறு விதமாகவும் கூவுவார். யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. நான்கு வயதுக்குள் எல்லைப்புற வாழ்க்கையின் ஒழுங்கு முழுவதையும் கவனித்து வைத்திருக்கிறார்கள். நம் கைக்கு வரும் தமிழ்ப் புத்தகம் எதிலும் இப்படிப்பட்ட குழந்தை இல்லை. சென்னையின் அடுக்குமாடியில் வாழும் குழந்தை இருக்கிறது, அல்லது எந்த ஊர் என்றே தெரியாத ஒரு பச்சைப் புல்வெளி இருக்கிறது.

இன்னொன்று. எங்கள் பிள்ளைகளில் பலருடைய அப்பாக்கள் தென்னை ஏறிக் கள் இறக்குபவர்கள். ஒரு பையன் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு சன்னல் கம்பியில் கால் வைத்து ஏறி, பாளையைத் தட்டுவது போலக் கம்பியைக் குச்சியால் ஒரே சீராகத் தட்டுவான். கீழே இறங்கியதும் குடத்தைக் கவனமாகச் சாய்த்து ஊற்றுவான். எவ்வளவு நுட்பமாகக் கவனித்திருக்கிறான் என்று நான் வியந்து நிற்பேன். இதை ஒரு புத்தகமாக்க யாராவது துணிவார்களா என்று தெரியவில்லை.

வேலந்தாவளத்தார்:

ஆசிரியை அவர்களே, மொழி மாற்றம் பற்றிய உங்கள் செய்தி என்னை வியப்பில் ஆழ்த்தியது. ஆனால் கள் இறக்கும் விளையாட்டைக் குழந்தைகள் நூலில் வைப்பதை என்னால் ஏற்க இயலாது. குடும்பங்களில் கள்ளால் விளைந்த துன்பத்தை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். அதைப் படம் போட்டுக் கொண்டாட வேண்டுமா?

தேவிகுளத்தான்:

ஐயாவின் கவலை நியாயமானது. ஆயினும் அந்தப் பையன் விளையாடுவது அப்பாவின் வேலையை. குடிப்பதை அவன் விளையாடவில்லை. ஏறுவதையும் தட்டுவதையும் சிந்தாமல் ஊற்றுவதையும் விளையாடுகிறான். ஒரு குழந்தையின் தகப்பன் செய்யும் தொழிலுக்குப் புத்தகத்தில் இடமில்லை என்று ஆகிவிட்டால், அந்தக் குழந்தை தன் வீட்டைப் பற்றி என்ன நினைக்கும் என்பதையும் எண்ண வேண்டும்.

நான் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவன். எங்கள் குழந்தைகளின் நாள் விடியும் முன்பே தொடங்கிவிடும். அம்மா கொழுந்து எடுக்கப் போகும் முன் குழந்தையைப் பிள்ளைக் காப்பகத்தில் விட வேண்டும். 1951-ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம் அத்தகைய காப்பகத்தைத் தோட்டங்களில் கட்டாயமாக்கியது. அங்கே குழந்தைகள் ஆடும் விளையாட்டு என்ன தெரியுமா? எடை போடும் விளையாட்டு. இலைதழைகளைச் சாக்கில் கட்டி, ஒருவர் தூக்கிப் பிடிக்க, இன்னொருவர் கிலோ சொல்லி எழுதிக்கொள்வார். குறைவாகச் சொன்னால் சண்டை வரும். தாய்மார் எடை போடும் இடத்தில் பேசும் பேச்சு அப்படியே அங்கே ஒலிக்கும்.

தூங்கும் நேரத்தைப் பற்றிய நூல்களைக் குறித்தும் ஒரு குறையைச் சொல்ல வேண்டும். அந்த நூல்கள் பெரும்பாலும் ஒரே வார்ப்பில் வருகின்றன: குழந்தைக்கென்று தனி அறை, தனிக் கட்டில், மேசை விளக்கு, அம்மா முத்தம் கொடுத்து விளக்கணைத்துக் கதவைச் சாத்துகிறார். தனியாகத் தூங்கும் அச்சமே கதையின் முடிச்சு. லயம் எனப்படும் தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டில் ஒரே அறையில் எல்லோரும் பாய் விரித்துப் படுக்கிறோம். எங்கள் குழந்தைக்கு அந்த அச்சமே கிடையாது. அதன் கவலை வேறு: யாருக்கும் யாருக்கும் நடுவில் படுப்பது, கம்பளி யார் பக்கம் இழுபடுகிறது, பாட்டி கதையை முடிப்பதற்குள் தம்பி தூங்கிவிடுவானா என்பவையே. இதிலிருந்து எத்தனை கதைகள் எழுதலாம்! ஒரே கம்பளி குகையாகும், மலையாகும், முகில் மூடிய தோட்டமாகும்.

பாலக்காட்டு ஓவியர்:

தேவிகுளத்தாரின் கம்பளிக் கதையைப் படித்ததும் பென்சிலை எடுத்துவிட்டேன். நான் சிறுவர் நூல்களுக்குப் படம் வரைபவன். எழுதுபவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்றைப் பற்றி மட்டும் விரிவாகச் சொல்ல விரும்புகிறேன்.

படப் புத்தகத்தின் உயிர் பக்கம் திருப்பும் இடத்தில் இருக்கிறது. தமிழில் வினைமுற்று வாக்கியத்தின் கடைசியில் வருவது நமக்கு வாய்த்த பெரும் வசதி. 'எழுந்து, பாய் சுருட்டி, பல் துலக்கி, முகம் கழுவி' என்று வினையெச்சங்களை அடுக்கிக்கொண்டே போகலாம். வாக்கியம் முடியாது, கேட்கும் குழந்தையும் காத்திருக்கும். அன்றாட ஒழுங்கைச் சொல்ல இதைவிடப் பொருத்தமான நடை கிடையாது. அதே காத்திருப்பில் கற்பனையையும் நுழைக்கலாம். ஒரு பக்கத்தில், 'அம்மிணி எண்ணெய் தேய்த்து, சீயக்காய் கரைத்து, வெந்நீர் விளாவி' என்று நிறுத்துங்கள். படத்தில் குழந்தையின் முதுகு மட்டும் தெரியட்டும். பக்கத்தைத் திருப்பினால், 'பூசணிக்காயைக் குளிப்பாட்டினாள்' என்று வரட்டும். எல்லாப் படியும் உண்மையான எண்ணெய்க் குளியலின் படிதான், வரிசை ஒன்றும் மாறவில்லை. குளிப்பது யார் என்பது மட்டுமே மாறியது. வாசகி அம்மா சொன்ன தலைகீழ் மாற்றம் இதில் தானாகவே நடந்துவிடுகிறது.

எழுத்தாளர்கள் சிலர் இந்த வாக்கியத்தை ஒரே பக்கத்தில் முழுவதும் எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள். அதன் பிறகு படம் எவ்வளவு நன்றாக அமைந்தாலும் வியப்பு பிறப்பதில்லை.

பக்க எண்ணிக்கையைப் பற்றிச் சுருக்கமாக: அச்சுத் தாளை மடிக்கும் முறையால் 16, 24, 32 என்றே பக்கங்கள் அமையும். மூன்று வயதுக்கு 16 பக்கம் தாராளம்.

வேலந்தாவளத்தார்:

ஓவியரின் பூசணிக்காய் என் மறுப்பில் பாதியைக் கரைத்துவிட்டது. நான் அஞ்சியது, கற்பனை என்ற பெயரில் குழந்தைக்குத் தெரியாத உலகத்தைத் திணிப்பதை. இதில் எல்லாமே குழந்தைக்குத் தெரிந்த உலகம். அடுக்களைப் பொருள்கள்தாம் வேடம் போடுகின்றன. நம் பிள்ளைத்தமிழில் சிற்றில் பருவம் என்று ஒரு பருவம் உண்டு. சிறுமியர் மணலில் கட்டிய சிறு வீட்டைச் சிதைக்க வேண்டாம் என்று பாட்டுடைத் தலைவனாகிய குழந்தையிடம் வேண்டுவது அது. மணலில் வீடு கட்டி, மணலையே சோறாகச் சமைக்கும் விளையாட்டை ஒரு காப்பியப் பொருளுக்குரிய மரியாதையோடு நம் புலவர்கள் பாடியிருக்கிறார்கள். இதை நானே வகுப்பில் நடத்தியவன். அந்த மரபின் தொடர்ச்சியாக இன்றைய படப் புத்தகத்தைக் காண்பது எனக்கு மகிழ்ச்சி.

கள் பற்றிய என் கருத்தில் மாற்றமில்லை. ஆனால் தென்னை ஏறுவதைக் காட்டலாம் என்பதை ஏற்கிறேன். இளநீரோ தேங்காயோ பறிக்கட்டும்.

நடை பற்றி ஒரு கேள்வி. உரையாடலைப் பேச்சுத் தமிழில் எழுதுவதா, எழுத்துத் தமிழிலா? குழந்தைகள் எழுதும்போது பிழையாகப் பழகிவிடுவார்களோ என்ற அச்சம் எனக்கு உண்டு.

சித்தூர் அங்கன்வாடி ஆசிரியை:

ஐயா, இளநீராக மாற்றினால் அந்தப் பையன் உடனே கண்டுபிடித்துவிடுவான். பாளையைத் தட்டுவது இளநீருக்காக அன்று என்பது அவனுக்குத் தெரியும். இதில் நாம் கருத்து மாறுபட்டே இருப்போம்.

நடையைப் பற்றி என் பட்டறிவு இது: கதை சொல்லும் வரிகள் எளிய எழுத்துத் தமிழிலும், பாத்திரங்கள் பேசும் வரிகள் பேச்சுத் தமிழிலும் இருந்தால் குழந்தைகள் குழம்புவதில்லை. கண்டக்டர் எழுத்துத் தமிழில் பேசினால்தான் என்னை நிமிர்ந்து பார்க்கிறார்கள். எங்கள் பகுதியின் பேச்சு கொங்குச் சாயல் கொண்டது. மலையாளச் சொற்களும் கலந்தது. புத்தகத்தில் மதுரைப் பேச்சு இருந்தாலும் படிப்பவர் தம் ஊர்ப் பேச்சுக்கு மாற்றிப் படித்துக்கொள்ளலாம். ஐந்து வயதுக்கு முன்பு இந்த நூல்களைக் குழந்தை தானே படிப்பதில்லை, நாம் படித்துக் காட்டுகிறோம் என்பதை நினைவில் கொள்ள வேண்டும். எழுத்துப் பிழை பற்றிய கவலை அதற்குப் பிந்தைய வயதுக்கு உரியது.

மழை, வண்டி, தண்ணீர் என்று வரும் இடங்களில் சளசள, கடகட, மளமள போன்ற இரட்டைக் கிளவிகள் இருந்தால் நலம். மொழியே சரியாக வராத இரண்டரை வயதுக் குழந்தைகூட அந்த இடத்தில் சேர்ந்து சொல்லிவிடும்; அடுத்த முறை அந்த இடம் வரும் முன்பே வாயைத் திறந்து காத்திருக்கும்.

தேவிகுளத்தான்:

வாங்குவதற்கு வழி கேட்ட அம்மாவுக்கு ஒரு தகவல். பிரதம் புக்ஸ் நிறுவனம் 2015-இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் என்ற இணையதளத்தில் தமிழ்ப் படப் புத்தகங்கள் நான்கு வாசிப்புப் படிநிலைகளாகப் பிரித்து வைக்கப்பட்டிருக்கின்றன. படைப்பாக்கப் பொதும (கிரியேட்டிவ் காமன்ஸ்) உரிமத்தில் வெளியிடப்படுவதால், உரியவர்களின் பெயரைக் குறிப்பிட்டு, அச்சிடலாம், மொழிபெயர்க்கலாம், நம் பகுதிக்கேற்ப மாற்றியும் அமைக்கலாம். முதல் படிநிலையில் குளியல், உணவு, சந்தை, தூக்கம் பற்றிய நூல்கள் உண்டு. சென்னையின் தூலிகா பதிப்பகம் தமிழிலும் இருமொழியாகவும் படப் புத்தகங்கள் வெளியிடுகிறது. நேஷனல் புக் டிரஸ்டின் சிறுவர் நூல்கள் விலை குறைவு. ஒதுக்கிய தொகை சிறியதென்றால் அங்கிருந்து தொடங்கலாம். ஆனால் பட்டியலைப் பார்த்து வாங்காமல், ஒவ்வொன்றையும் புரட்டிப் பார்த்து, அம்மா சொன்ன அளவுகோலை வைத்துத் தேர்ந்தெடுங்கள்.

கொழிஞ்சாம்பாறை வாசகி:

அனைவருக்கும் நன்றி. இதுவரை பேசியவற்றை வைத்து நூலகக் குழுவிடம் நான் எழுதிக் கொடுக்கப்போவது இதுதான். தொகையில் பெரும்பகுதிக்கு அச்சான நூல்களை வாங்குவோம். தனி அறைத் தூக்கக் கதைகளை ஒன்றிரண்டோடு நிறுத்திக்கொள்வோம். அவை கூடாது என்பதில்லை, வேறு வீடுகளையும் குழந்தை அறியட்டும். தன் வீடு எதிலுமே இல்லை என்ற நிலை மட்டும் வரக்கூடாது. மீதித் தொகையில் தாளும் கெட்டி அட்டையும் தையல் நூலும் வாங்கி, பாலவேதியிலேயே நான்கு நூல்கள் தைப்போம். பேருந்து விளையாட்டு, எடை போடும் விளையாட்டு, ஒரே கம்பளி, எண்ணெய்க் குளியல் ஆகிய நான்கும் முதலில். குழந்தைகளின் விளையாட்டை ஆசிரியை அவர்கள் கவனித்து எழுதி அனுப்ப, ஓவியர் ஐயா வரைந்து தர இசைவார்கள் என்று நம்புகிறேன். தென்னை ஏறும் கதையை அந்தப் பையனின் பெற்றோரிடம் கேட்ட பிறகே முடிவு செய்யலாம். அவர்களுடைய வேலை, அவர்களுடைய பிள்ளை.

ஓவியர் ஐயாவிடம் ஒரு கேள்வி: பேருந்தின் முகப்பில் ஊர்ப்பெயரைத் தமிழில் எழுதுவதா, மலையாளத்திலா?

பாலக்காட்டு ஓவியர்:

இசைவு உண்டு, அம்மா. இரண்டு பேருந்துகளை வரைகிறேன். பொள்ளாச்சியிலிருந்து வருவதில் தமிழ்ப் பலகை, பாலக்காட்டிலிருந்து வருவதில் மலையாளப் பலகை. குழந்தைகள் நாற்காலிகளை வரிசையாகப் போட்டு ஆடும் பேருந்துக்கு மட்டும் பலகையை வெறுமையாக விட்டுவிடுகிறேன். அதில் என்ன எழுதுவது என்பதை அவர்களே சொல்லட்டும். அளவு மட்டும் முன்கூட்டியே தெரிந்தால் நல்லது. முழுத் தாளை ஒரு முறை மடித்து நடுவில் தைப்பதென்றால் தையல் விழும் இடத்தில் முகங்கள் வராதபடி வரைய வேண்டும்.

சித்தூர் அங்கன்வாடி ஆசிரியை:

தரையில் வட்டமாக அமர்ந்து பார்ப்பதால் பெரிய அளவே வசதி. ஏ3 தாளை மடித்துத் தைத்தால் பின்வரிசைக் குழந்தைக்கும் தெரியும். மூலைகளை வட்டமாக வெட்டிவிடுங்கள். கூர் மூலையைத்தான் முதலில் கடிக்கிறார்கள். பேருந்துக் கதையின் உரையாடலை இந்த வாரக் கடைசிக்குள் எழுதி இங்கேயே பதிவிடுகிறேன்.